குறட்டை விட்ட மாடும் ஒரு டிரக்டர் உப்பும்

எங்கள் கால்நடை வைத்தியக் கந்தோரில் ஒரு கதை உலவுகிறது. குளத்தில் கொட்ட வந்த உப்பு டிரக்டருக்கு முன்னால் சந்திரகாசன் டொக்டர் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டாராம். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதை இன்னும் கொழுத்துவிட்டது. போன மாதம் நிரோஷா கோல் எடுத்து, "மிஸ், டொக்டர்ட வயித்துக்கு மேலால டிரக்டர் ஏறப் பார்த்ததாமே, உண்மையா?" என்று கேட்டாள். நான் இருந்த இடத்துக்கு வந்திருக்கும் ஆய்வுகூட உதவியாளர் அவள்.

டொக்டர் படுக்கவில்லை. அவருடைய உடம்புக்குப் படுத்தால் எழுப்புவதற்கு இன்னொரு டிரக்டர் வேண்டியிருக்கும். அவர் கதிரை போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. டிரக்டரைத் திருப்பியது வேறொருவர். உண்மைக் கதையைச் சொல்ல இன்னும் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் எங்களையெல்லாம் ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது, அங்கே கால்நடைக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு மாற்றுடுப்போடு புத்தளத்துக்கு வந்தேன். அல்லாஹ்வின் கிருபை, வேலையும் பின்னாலேயே மாற்றலாகி வந்தது. சாணம் கழுவவும் சாயம் போடவும் நுணுக்குக்காட்டி பார்க்கவும் பழகிய வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. சாணம் மணக்கும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்கள் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், உம்மா "கவர்மெண்டில" என்று சொல்லிவிட்டு உடனே வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

சந்திரகாசன் டொக்டர் உடப்பைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகிற குடும்பத்திலிருந்து மாட்டு வைத்தியத்துக்கு வந்தவர். ஊர்க்கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போய்த் தீ மிதிப்பார். திரும்பி வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "பிள்ளை, நெருப்புச் சுடல்ல. இந்தச் சப்பாத்துத்தான் கடிக்குது" என்பார். என் பெயர் ஜெஸீமா. அந்தப் பெயரை அவர் ஒருமுறையாவது சொல்லியதாக நினைவில்லை. கந்தோரில் பெண்கள் எல்லாருமே அவருக்குப் பிள்ளைதான், என்னைவிட மூத்த கிளார்க் உட்பட.

வீடுகளுக்குப் போனால் முதலில் மாட்டிடம்தான் பேசுவார். "என்னம்மா, சாப்பாடு இறங்குதா?" என்று கேட்பார். மாட்டுக்காரர் முந்திக்கொண்டு "ஓம் டொக்டர்" என்றால், "நான் இவவைத்தானே கேட்டேன்" என்பார். ஜீப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கதிரை இருக்கும். எங்கே போனாலும் அதை விரித்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. நின்றுகொண்டு பேசினால், இவர் போகப்போகிறார் என்று நினைத்து ஆட்கள் பாதிக் கதையை விழுங்கிவிடுவார்களாம். இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் செய்து காட்டாமல் சொல்ல அவருக்கு வராது. ஆட்டின் இரைப்பையை விளக்கத் தலையணை உறையை உதறுவார். அந்தப் பழக்கம்தான் பிறகு எங்களைக் குளத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஒரு நாள் சுபைதா ராத்தா கந்தோருக்கு வந்தார். அவரும் மன்னாரில் இருந்து வந்தவர்தான், எனக்கு அக்கா மாதிரி. கற்பிட்டி வீதிக்கு உள்ளே, இடம்பெயர்ந்தவர்கள் குடியேறிய ஒரு சிற்றூரில் இருந்தார். கணவர் மௌத்தாகிவிட்டார். மாடுகள் வைத்துப் பால் விற்றுத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

"டொக்டர், என்ட மாடு குறட்டை விடுது" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். டொக்டர் சிரிக்கவில்லை.

"படுத்திருக்கக்குள்ளயா, நிக்கக்குள்ளயுமா?"

"நிண்டாலும் விடுது. மௌத்தாப்போன என்ட மாப்பிள்ள திரும்பி வந்துட்டாரெண்டு பக்கத்து வீட்டாக்கள் பகிடி பண்றாங்க."

அன்றே போனோம். வெள்ளச்சி என்ற அந்தப் பசு வேலியோரம் நின்று, வயிறு முட்டச் சாப்பிட்ட மனிதர் போல் கர் கர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டொக்டர் டோர்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். உள்ளே பூக்கோவாப் பூப் போல மொட்டு மொட்டாக ஒரு தசை வளர்ந்திருந்தது. மூக்குச்சளியை எடுத்து வந்து நுணுக்குக்காட்டியில் வைத்தோம். இந்த நோயைக் கொடுக்கும் புழுவின் முட்டை நடுவில் வளைந்திருக்கும், மூன்றாம் பிறை போல.

"பிள்ளை, பிறை தெரியுதா?" என்று பின்னால் இருந்து கேட்டார்.

"தெரியுது டொக்டர். பெருநாள் பிறை மாதிரி, ஒரு ஆள் கண்டாப் போதுமா, சாட்சி வேணுமா?"

"சாட்சிக்கு நான் வாறன்" என்று அவரும் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் அதுவே சட்டமாயிற்று. எந்தப் பிறையையும் இரண்டு பேர் கண்டால்தான் கணக்கு.

புழுவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டின் மூக்கு இரத்தக்குழாயில் அது குடியிருக்கும். மாடு குளத்தில் வாய் வைக்கும்போது சளியோடு முட்டை தண்ணீரில் விழும். முட்டை பொரித்து வருகிற குஞ்சு ஒரு குறிப்பிட்ட நன்னீர் நத்தைக்குள் நுழைந்துவிடும். அந்த நத்தை சின்ன முறுக்குப் போலத் தட்டையாகச் சுற்றியிருக்கும். நசுக்கினால் இரத்தம் சிவப்பாக வரும். அதற்குள் புழு பல மடங்காகப் பெருகி, வெயில் ஏறியதும் வெளியே வந்து மாட்டுத் தோலைத் தேடி நீந்தும். மாட்டுக்குப் பதிலாக மனிதக் கால் அகப்பட்டால் அதையும் துளைக்கும். ஆனால் நமக்குள் அதனால் வாழ முடியாது, தோலுக்குள்ளேயே சாகும். செத்த இடத்தில் சிவந்து தடித்து, சொறியச் சொறிய அடங்காத கடி எடுக்கும். மனிதருக்குள்ளேயே குடும்பம் நடத்தும் அதன் சொந்தக்காரர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். நம்முடையது கடியோடு விட்டுவிடுகிறது.

சுபைதா ராத்தாவின் ஊரில் அந்தக் கடிதான் பிரச்சினையாக இருந்தது. அங்கே ஒரே ஒரு நன்னீர்க் குளம். அதன் கரையிலேயே ஊரின் குடிதண்ணீர்க் கிணறு. குளத்தில் உடுப்புக் கழுவப் போகும் பெண்களுக்கும், பாய்ந்து குளிக்கும் பிள்ளைகளுக்கும் கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. மாடு குறட்டை விடுகிறது, மனிதருக்குக் கடிக்கிறது, இரண்டும் ஒரே குளம் என்றதும் ஊர் கணக்குப் போட்டுவிட்டது. மாடுகளைக் குளத்துப் பக்கம் விடக்கூடாது என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது. குளத்தை விட்டால் மாட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை. விடக்கூடாது என்றால் விற்கத்தான் வேண்டும், விற்றால் இறைச்சிக் கடைதான்.

"ஒருக்கா மாட்ட அவுத்து விட்டுட்டு வந்தவ நான், தங்கச்சி" என்று சுபைதா ராத்தா என்னிடம் சொன்னார். "மன்னாரில பட்டி நிறைய இருந்திச்சு. கட்டியிருந்தா பசியில செத்துப்போகுமெண்டு எல்லாத்தையும் அவுத்துட்டு, திரும்பிப் பார்க்காம வந்தன். இங்க ஒரு கண்டுக்குட்டியில இருந்து திரும்பத் தொடங்கினன். இன்னொருக்கா என்னால ஏலாது."

நானும் அதே நாளில்தான் அதே பாதையால் வந்தவள். அந்த மாடுகளை விற்க விடுவதில்லை என்று மனதுக்குள் வைராக்கியம் பிடித்துக்கொண்டேன்.

முதலில் நத்தை. நீண்ட கம்பில் மா அரிக்கும் அரிதட்டைக் கட்டி, முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டு, பாசிக்கு அடியில் துழாவி எடுப்பேன். வெயில் ஏறிய பிறகு தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஒவ்வொரு நத்தையையும் கழுவி, வெறுமையான ஊசி மருந்துப் போத்தலில் தனித்தனியாக விடுவேன். ஒன்றாகப் போட்டால் எதிலிருந்து புழு வந்தது என்று தெரியாது. இரவு முழுக்க அலுமாரிக்குள் இருட்டில் வைத்து, காலையில் யன்னலோரம் வெயிலில் வரிசையாக அடுக்கினால், நத்தை ஏமாந்துபோய்ப் புழுவை வெளியே விடும். போத்தலுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். தூசு போல நெளியும். வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் அதுதான். ஒற்றை வால் என்றால் வேறு வகைப் புழு, விட்டுவிடலாம். என் யன்னலில் கவட்டை வால்கள் தாராளமாக நீந்தின. அந்த யன்னலால்தான் ஊர் எனக்கு நத்தை மிஸ் என்று பெயர் வைத்தது.

பிறகு வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டேன். மணி கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. தொழுகையை வைத்துக் கேட்டதும் எல்லாம் வந்தது. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு உடுப்புக் கழுவியவர்களுக்குக் கடி இல்லை. சமைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னால் குளத்துக்குப் போனவர்களுக்குத்தான் கடி. போத்தலுக்குள் நான் கண்டதும் அதே நேரம்தான். டொக்டரிடம் சொன்னேன். "பிள்ளை, இதை அவங்களுக்குச் சொல்லத்தான் வேணும், நல்லாச் செய்து காட்டுவம்" என்றார். அவர் கண் மின்னியபோதே நான் உசாராகியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம். டொக்டர் கதிரையில் உட்கார்ந்து, வெயிலில் கழுவக் கூடாது, மாட்டுக்கு ஊசி போட்டால் மூக்கு சுகமாகும், நத்தைக்கும் மாட்டுக்கும் இடையில் இருக்கும் வழியை அடைத்தால் கடி நிற்கும் என்றெல்லாம் அழகாகச் சொன்னார். அப்போது ஒருவர் எழும்பி, களப்புக் கடல்நீரில் நாள் முழுக்க நிற்கிற தங்களுக்கு ஏன் கடி வருவதில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. டொக்டர் என்னிடம் நத்தைப் போத்தல் ஒன்றை வாங்கி, அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி, கையிலிருந்து கைக்குக் கொடுத்துவிட்டார். போத்தல் கடைசி வரிசைக்குப் போவதற்குள் நத்தை நுரை தள்ளிச் செத்துவிட்டது.

"உப்புத் தண்ணியில இது இருக்காது. அதுதான் காரணம்" என்றார்.

அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். நெல் விளையும் ஊரில் என்றால் அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் முதலாளியிடம் போனார்கள்.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். தங்கமான மனிதர், குரல் மட்டும் ஒலிபெருக்கி. யாரைக் கண்டாலும் "சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்குவார். வேலைக்காரர் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். பிள்ளைகளின் கால் கடிக்கு உப்புத்தான் மருந்து என்று கேள்விப்பட்டால் அவர் சும்மா இருப்பாரா?

சுபைதா ராத்தா கோல் எடுத்தார். "தங்கச்சி, ஹாஜியார் டிரக்டரில உப்புக் கொண்டந்து குளத்தடியில நிக்கிறார். டொக்டர் சொன்னதாம்."

ஜீப்பில் போகும்போது டொக்டர், "பிள்ளை, நான் அந்தப் போத்தலுக்குள்ள எவ்வளவு போட்டன்?" என்றார்.

"ஒரு சிட்டிகை டொக்டர்."

"குளத்துக்கு எவ்வளவு வருமெண்டு அவங்க கணக்குப் பார்த்திருக்கிறாங்க."

பெட்டி நிறைய உப்போடு டிரக்டர் குளத்தங்கரையில் நின்றது. வெள்ளை வெளேரென்று முதல்தர உப்பு. தர்மத்துக்குக் கழித்த உப்பைக் கொடுக்கலாமா என்று ஹாஜியார் நல்லதையே அள்ளி வந்திருந்தார். டிரைவர் பின்கதவின் கொக்கியைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக்டர் இறங்கி, கதிரையை டிரக்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரித்து உட்கார்ந்தார். கந்தோரில் இப்போது படுத்தார் என்று சொல்வது இதைத்தான்.

"ஹாஜியார், இதைக் கொட்டினா குளம் போயிடும்."

"நீங்கதானே காட்டினீங்க டொக்டர்? நத்தை சாகல்லயா?"

"செத்தது."

"அப்ப?"

டொக்டர் கிணற்றைக் கை நீட்டிக் காட்டினார். குளத்துத் தண்ணீர்தான் மண்ணுக்குள்ளால் ஊறிக் கிணற்றுக்குப் போகிறது, கிணறும் உப்பாகும் என்று விளக்கினார். குளம் பெரிது, கரைந்துவிடும், மழை வந்தால் கழுவுப்பட்டுப் போகும் என்றார் ஹாஜியார். டொக்டர் பழக்கத்தை விடாமல், ஒரு வாளியில் குளத்துத் தண்ணீர் அள்ளி, டிரக்டரில் இருந்து ஒரு பிடி உப்புப் போட்டு, "மாடு குடிக்குதா எண்டு பாருங்க" என்று கரையில் நின்ற வெள்ளச்சியின் முன்னால் வைத்தார். உப்பு என்றால் மாட்டுக்கு உயிர் என்பது ஒரு மாட்டு வைத்தியருக்கு அந்த நேரத்தில் எப்படி மறந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. வெள்ளச்சி குறட்டை விட்டபடியே வாளியை உறிஞ்சிக் காலியாக்கி, அடியையும் நக்கி, டொக்டரின் கையையும் நக்கியது.

கரை முழுக்கச் சிரிப்பு. ஹாஜியாரும் சிரித்தார். டிரைவர் மறுபடியும் கொக்கியைத் தட்டத் தொடங்கினான். எனக்கு அழுகை வந்தது. நின்ற ஆண்களில் சிலருக்கு உள்ளுக்குள் பயம் இருந்ததை முகத்தில் கண்டேன். ஆனால் மனதார ஒரு தர்மத்தைக் கொண்டுவந்து நிற்கும் முதலாளியிடம், வேண்டாம், கொண்டு போங்கள் என்று எப்படிச் சொல்வது?

சுபைதா ராத்தாவைக் கொஞ்ச நேரமாக அங்கே காணவில்லை. குளத்தடியில் இருந்த தன் வீட்டுக்குள் இருந்து தட்டோடு வந்தார். எல்லோருக்கும் கிளாஸில் பிளேன்டி. ஹாஜியாருக்கு மட்டும் பெருநாளைக்கு எடுக்கும் பீங்கான் கோப்பை. டொக்டர் எழும்பிக் கதிரையை ஹாஜியாருக்குக் கொடுத்தார். நான் என்னுடையதைக் குடித்தேன், சீனி போட்டு இஞ்சி தட்டிய நல்ல தேத்தண்ணி. ஹாஜியார் ஒரு மிடறு உறிஞ்சினார். அவர் முகம் அப்படியே நின்றது.

சுபைதா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் முன்னாலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"உப்புப் போட்டிருக்கன் ஹாஜியார். நீங்க கொண்டந்த பெட்டியில அள்ளின உப்புத்தான். இதக் கொட்டினா இனி இந்த ஊரில எல்லாரும் குடிக்கிறது இதத்தான். எங்கட பிள்ளைகளுக்காகக் கொண்டந்தீங்க. அதால நீங்க முதல்ல குடிச்சுப் பாருங்க."

ஒருவரும் மூச்சு விடவில்லை, வெள்ளச்சியைத் தவிர. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போக ஹாஜியாருக்கு உரிமை இருந்தது. கோபப்பட்டால் அவ்வளவு வீடுகளிலும் அடுப்பு எரியாது. அவர் சுபைதா ராத்தாவைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு அந்தக் கோப்பையை வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். ஒரு விதவை வீட்டுத் தேத்தண்ணியை மிச்சம் வைக்காத அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு நிறைகிறது.

"உப்ப வித்துத்தான் ஹஜ்ஜுக்குப் போனன் பிள்ள" என்றார், கோப்பையைத் தட்டில் வைத்தபடி. "குடிச்சுப் பார்த்தது இண்டைக்குத்தான்." பிறகு டிரைவரைப் பார்த்து ஒலிபெருக்கிக் குரலில், "கொக்கியில இருந்து கைய எடு. திருப்பு" என்றார்.

தர்மம் என்று நிய்யத்து வைத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போக அவருக்கு மனமில்லை. வீட்டுக்கு ஒரு சாக்கு இறக்கிவிட்டுத்தான் போனார். அந்த வருடம் அந்த ஊரில் கருவாடு போடாத வீடு இல்லை. மாடுகளுக்கும் நக்கக் கிடைத்தது. பிறகு அவரே மேசன்மாரை அனுப்பிக் குளத்துக்கு வேலி அடைத்து, மாடுகளுக்குச் சீமெந்துத் தொட்டிகள் கட்டிக் கொடுத்தார். தண்ணீரை அள்ளி இரண்டு மூன்று நாள் தேக்கி வைத்தால் புழு தானாகச் செத்துவிடும், பிறகு மாட்டுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். ஆண்கள் பாசியை வாரினார்கள். நத்தை தின்பதற்கென்று டொக்டர் வாத்துகள் வாங்கிவிட்டார், பாதி வாத்துகள் பிரியாணிக்குள் போய்விட்டன. பெண்கள் சுபஹுக்குப் பிறகு உடுப்புக் கழுவப் பழகிக்கொண்டார்கள். என் யன்னலில் கவட்டை வால்கள் குறைந்து குறைந்து, ஒரு மாரிக்குப் பிறகு காணாமலே போயின. ஊசி போட்டு வெள்ளச்சியின் மூக்கும் சுகமாயிற்று. அதற்கும் சுபைதா ராத்தா முறைப்பாடு கொண்டு வந்தார். "குறட்டச் சத்தம் இல்லாம எனக்கு நித்திர வருதில்ல டொக்டர்" என்றார். அதற்கு மட்டும் டொக்டரிடம் மருந்து இருக்கவில்லை.

ஹாஜியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுபைதா ராத்தா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "இண்டைக்கு என்ன போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பிளேன்டியை வாங்குவாராம்.

நிரோஷாவின் கோலுக்குப் பிறகு, அவளோடு நானும் அந்தக் குளத்துக்குப் போனேன். இப்போது நத்தை பிடிக்கத் தேவையில்லை. ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து அனுப்பினால், அதில் நத்தை இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று இயந்திரம் சொல்லிவிடுமாம். நல்ல விசயம்தான், ஒருவருடைய யன்னலும் நாறாது. சுபைதா ராத்தா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார். கதையைக் கேட்டிருந்த நிரோஷா கோப்பையை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

"குடிங்க மகள். உப்புப் போட்டது ஹாஜியாருக்கு மட்டும்தான்."

ஹாஜியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நோன்புக்கு முன்னால் மௌத்தாகிவிட்டாராம். உப்பளத்தை ஒட்டிய அவர் வீட்டுக் கிணறு உவர். மௌத்தான அன்று காலையில் அவருடைய பிள்ளைகள் தண்ணீர்க் கான்களோடு இந்தக் கிணற்றடிக்கு வந்து நின்றார்களாம். கடைசியாக என்னைக் குளிப்பாட்ட அந்தத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்று வாப்பா சொல்லி வைத்திருந்தார் என்றார்களாம். அள்ளித் தருகிறோம் என்று ஊர் ஆண்கள் ஓடி வந்திருக்கிறார்கள். சுபைதா ராத்தா வாளியை யாருக்கும் கொடுக்கவில்லை.

"எங்களுக்காக ஒரு கோப்ப உப்புத் தண்ணி குடிச்ச மனிசன், தங்கச்சி" என்றார். "நல்ல தண்ணியில அனுப்பி வெச்சன்."